படகு, தூண்டில், கூடாரம்... சுமை தூக்காம ஒரு வீக் எண்ட் ட்ரிப்!

ரீல்ஸ்ல பார்த்த மாதிரி துடுப்புப் போட்டு, மீன் பிடிச்சு, கூடாரத்துல தூங்க ஆசையா? கண்டாச்சிபுரம் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தென்பெண்ணைதான் முதல்ல தோணும். ஆனா, அங்க கோடையில் வெறும் மணல்; தண்ணி ஓடினாலும் குறுக்கே தடுப்பணைகள். ஒவ்வொரு இடத்துலயும் படகைத் தூக்கிச் சுமக்கணும். மழைக்காலம் முடிஞ்சதும் ஜனவரி - மார்ச்சில் இப்படிப் பிளான் பண்ணுங்க.

படகுக்கு: பிச்சாவரம். விழுப்புரத்திலிருந்து சிதம்பரத்துக்கு ரயில்; அங்கிருந்து சுமார் 15 கி.மீ. படகுத்துறை வரை சாலை உண்டு. படகும் துடுப்பும் அங்கேயே கிடைக்கும். வெயில் ஏறுறதுக்குள்ள சுரபுன்னைக் கால்வாய்களைச் சுத்திடுங்க.

தூண்டிலுக்கு: மறுநாள் உங்க ஊர் ஏரி. வண்டி போற கரையா பாருங்க. மூங்கில் கழி, நரம்பு, தக்கை, முள், மண்புழு போதும். ஜிலேபி, கெண்டை மாட்டும். மீன் குத்தகைக்கு விட்ட ஏரின்னா, குத்தகைதாரர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க.

கூடாரத்துக்கு: தெரிஞ்சவங்க தோப்புல, மேடான இடம். ஆத்து மணல்ல மட்டும் வேண்டவே வேண்டாம். ஃபெஞ்சல் புயல் மழையில், 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்தாங்க. தூங்கி எழறதுக்குள்ள கரையோர ஊர்களுக்குள்ள வெள்ளம் வந்துடுச்சு. உங்க தலைக்கு மேல வானம் தெளிவா இருந்தாலும், மேற்கே பெய்யுற மழை ஆத்துல வரும்.

டார்ச், குடிதண்ணி, கொசுவத்தி, பவர் பேங்க் எல்லாம் ஒரே பையில் அடங்கணும். அடங்கலைன்னா எதையாவது குறைச்சுக்கோங்க. படகுல ஏறினா, லைஃப் ஜாக்கெட்டை மட்டும் செல்ஃபிக்காகக்கூட கழட்டாதீங்க!