தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவே



கிறிஸ்துமஸுக்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றி இந்தக் காலாண்டு இதழுக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டார். ஒட்டடை அடிப்பது, ஸ்டார் கட்டுவது, பலகாரத்துக்கு மாவு இடிப்பது எல்லாம் என்னைவிட என் வீட்டம்மாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் பி.காம். படித்துவிட்டு முப்பது வருடத்துக்கு மேல் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன். எனக்குத் தெரிந்தது கணக்கு. யோசித்துப் பார்த்தால், விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் கிறிஸ்துமஸ் தயாரிப்பின் வரலாறே பெரும்பாலும் கணக்கின் வரலாறுதான். எனவே அதையே எழுதுகிறேன்.

கூடாரத்திலிருந்து கோயிலுக்கு

இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகள் 1910-ல்தான் புதிதாக உருவான ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வந்தன. 1854-ல் தாமஸ் ராக்லண்ட் என்ற சி.எம்.எஸ். மிஷனரி, ஃபென், மெடோஸ் என்ற இரு இளைஞர்களோடு வடதிருநெல்வேலிக் கிராமங்களுக்கு வந்தார். கேம்பிரிட்ஜில் ஆசிரியர் பதவியில் இருந்தவர் அவர். பங்களா கட்டிக்கொள்ளாமல், ஊர் ஊராகக் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். ராக்லண்ட் 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே காலமானார். சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரம் பின்னாளில் அந்த மிஷனின் முக்கிய இடமாயிற்று.

அவர்களால் திருச்சபைக்கு வந்த குடும்பங்கள் பெரும்பாலும் கரிசல் காட்டில் மழையை நம்பிப் பிழைத்தவர்கள். அந்தக் குடும்பங்களில் பண்டிகைக்கென்று மொத்தமாக எடுத்துச் செலவழிக்கப் பணம் இருந்திருக்காது. ஆகவே சிறுகச் சேர்ப்பதுதான் வழி. அதற்கான முறையும் நம் மண்ணிலேயே இருந்தது.

பிடியரிசி

சோறு ஆக்க அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவதுதான் பிடியரிசி. நம் விருதுநகரில், அன்றைய விருதுபட்டியில், நாடார் சமூகத்தார் வியாபாரத்தில் மகமை வசூலித்ததோடு வீடுதோறும் பிடியரிசியும் சேர்த்து க்ஷத்திரிய வித்தியாசாலையை நடத்தினார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவப் பெண்களும் இதே வழக்கத்தைக் கோயில் காணிக்கையாக்கினார்கள். இன்றும் பல சபைகளில் கைப்பிடி அரிசிக் காணிக்கை உண்டு. மதம் எதுவானாலும் தத்துவம் ஒன்றுதான்: ஒரு பிடி குறைந்தால் உலைக்குத் தெரியாது, வருடக் கடைசியில் பானைக்குத் தெரியும்.

என் அம்மா சிவகாசியில் இரண்டு பானை வைத்திருந்தார். ஒன்று கோயிலுக்கு. மற்றொன்று கிறிஸ்துமஸ் அதிரசத்துக்கும் முறுக்குக்கும்.

அம்மாவின் நான்கு வாரம்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைத் திருச்சபை அட்வெந்து காலம் என்கிறது. முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். திட்டமிட நினைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கால அட்டவணை கிடையாது. அம்மா அதை அப்படித்தான் வைத்துக்கொண்டார்.

முதல் வாரம் வெள்ளையடிப்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே நீற்றி, துளி நீலம் சேர்த்து, வெயில் காணும் நாள் பார்த்து அடிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நேரம் என்பதால் மூன்று நாள் காத்திருந்ததும் உண்டு. இரண்டாவது வாரம் துணி. அதற்குள் கொடுக்காவிட்டால் தையல்காரர் கை விரித்துவிடுவார். மூன்றாவது வாரம் அரிசி ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து, அதிரச மாவைப் பாகில் கிளறிப் பானையில் மூடி வைப்பது. விறகை மழையில் நனையாமல் திண்ணைக்கு ஏற்றுவதும் அந்த வாரம்தான். நான்காவது வாரம் மூங்கில் சிம்பில் காகிதம் ஒட்டிய ஸ்டார், களிமண் பொம்மைக் குடில், அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தூக்கு.

வேலை நான்கு வாரத்துக்கு. அதற்கான காசு மட்டும் ஜனவரியிலிருந்தே சேர வேண்டும். ஏன் என்பதற்கு நம் வட்டாரத் தொழிலைப் பார்க்க வேண்டும்.

தொழில் போட்ட இடைவெளி

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தது நமக்கெல்லாம் தெரிந்த கதை. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் அச்சடிக்கப் போய் அச்சுத் தொழிலும் பெருகியது. மானாவாரி நிலத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்குச் சனிக்கிழமைதோறும் கூலி கையில் வந்தது.

ஆனால் பட்டாசின் வருடம் தீபாவளியோடு முடிகிறது. போனஸும் தீபாவளிக்குத்தான். அதன்பின் பட்டாசு ஆபீஸ்களைச் சில வாரங்கள் மூடி, பிறகு பூஜை போட்டுத் திறப்பார்கள். தீப்பெட்டிக்கும் மழைக்காலம் மந்தம், குச்சியும் பெட்டியும் காய வெயில் வேண்டும். காலண்டர், டைரி அச்சகங்களுக்குத்தான் அது பரபரப்பான நேரம்.

கணக்கில் பாருங்கள். 2017-ல் தீபாவளி அக்டோபர் 18, கிறிஸ்துமஸுக்கு 68 நாள் இடைவெளி. 2020-ல் நவம்பர் 14, இடைவெளி 41 நாள். எந்த வருடமானாலும் போனஸ் வந்து ஆறு வாரமாவது கழித்துத்தான் கிறிஸ்துமஸ், அதுவும் கூலி குறைந்த காலத்தில். ஊரெல்லாம் தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது கிறிஸ்தவத் தொழிலாளி வீட்டில் அந்தப் போனஸை அடுக்குப் பானைக்குள் பத்திரப்படுத்த வேண்டும். பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் புதுச் சட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

ஏமாந்த வருடம்

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அப்பா பட்டாசு ஆபீஸில் வேலை, அம்மா வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டினார். தெருவில் ஒரு பெண் பண்டிகைச் சீட்டுப் பிடித்தார். வாரம் இரண்டு ரூபாய் கட்டினால் டிசம்பரில் பணமும் ஒரு பாத்திரமும் என்று பேச்சு. அம்மா நாற்பது வாரத்துக்கு மேல் கட்டினார். திருக்கார்த்திகை கழிந்த ஒரு காலையில் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. தெருவே அழுதது.

அம்மா அழவில்லை. உள்ளே போய் இரண்டாவது பானையை இறக்கி அரிசியை அளந்தார். அந்த வருடம் எங்களுக்குப் புதுத் துணி இல்லை. ஆனால் சுண்ணாம்பு அடித்தோம், அதிரசம் சுட்டோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பக்கத்து வீட்டு அம்மா, தன் மகனுக்குத் தீபாவளிக்கு எடுத்த சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தார்கள். "ஒரு தடவைதான் உடுத்தியிருக்கான், மதினி. தம்பி போட்டுக்கிடட்டும்" என்றார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் அதிகாலை ஆராதனைக்குப் போனேன்.

இது நம் தெருவில் மட்டும் நடப்பதல்ல. இங்கிலாந்தில் ஃபேர்பாக் என்ற கிறிஸ்துமஸ் சேமிப்பு நிறுவனம் 2006 அக்டோபரில் திவாலானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எளிய குடும்பங்கள் வருடம் முழுக்கக் கட்டிய பணம் பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்பு போயிற்று. நம் நாட்டில் சீட்டு நிதிச் சட்டம் 1982-லும், தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-லும், முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களுக்கான தடைச் சட்டம் 2019-லும் வந்தன. இருந்தும் தீபாவளிச் சீட்டு நடத்தியவர் தலைமறைவு என்ற செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. காரணம், சட்டம் இல்லாதது அல்ல. சீட்டுக்காரர் வாசலுக்கே வந்து இருபது ரூபாயும் வாங்கிக்கொள்வார். வங்கி வாசலுக்கு வராது.

கவுண்டரில் நான் கற்றது

வங்கி இதை முன்பே யோசித்திருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல் என்ற சிற்றூரில், 1909-ல் மெர்க்கல் லாண்டிஸ் என்ற வங்கி அதிகாரி கிறிஸ்துமஸுக்கென்றே ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கினார். சுமார் 350 பேர் சேர்ந்தார்கள். சராசரியாக ஆளுக்கு 28 டாலர் சேர்ந்தது. பணத்தை அவர்கள் கையில் கொடுத்த நாள் டிசம்பர் 1. அந்தத் தேதியில்தான் சூட்சுமம் இருக்கிறது.

அது எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கட்டை அடுக்கும் ஒரு அம்மா ஜனவரியில் ஆர்.டி. போட வந்தார். பன்னிரண்டு மாதம் என்று எழுதி, பாஸ்புக்கைக் கொடுத்து அனுப்பினேன். ஒரு தவணை தவறாமல் கட்டினார். டிசம்பர் நடுவில் வந்து பணம் கேட்டபோது, ஜனவரியில்தான் முதிர்வு என்றேன். "பண்டிகை முடிஞ்ச பெறகு பணம் வந்து நான் என்ன சார் செய்ய?" என்றார். இடையில் முடித்தால் வட்டி குறையும் என்று விதியைச் சொன்னேன். வட்டி போனால் போகட்டும் என்று முடித்து வாங்கிப் போனார். விதிப்படி நான் செய்தது சரி. ஆனால் எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்று ஜனவரியிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அதன்பிறகு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு என்றால், நவம்பர் கடைசியில் தொடங்கும்படி சொன்னேன். பன்னிரண்டு மாதம் கழித்து அட்வெந்து தொடங்கும்போது பணம் கையில் இருக்கும்.

சேமிப்பு இருந்தவர்களும் இல்லாதவர்களும் எப்படிப் பிரிந்தார்கள் என்பதை 2018 காட்டியது. அந்த வருடம் அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசு பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் 11.55 முதல் 12.30 வரை, அதாவது 35 நிமிடம், வெடிக்கலாம் என்றது. அதே தீர்ப்பு பேரியம் உப்பைத் தடை செய்தது. பேரியம் இல்லாமல் பல ரகங்களைச் செய்ய முடியாது என்று உற்பத்தியாளர்கள் தீபாவளிக்குப் பின் ஆபீஸ்களைத் திறக்கவில்லை. மாதக்கணக்கில் வேலை இல்லை. கிறிஸ்துமஸுக்கு 35 நிமிடம் கொடுத்த தீர்ப்பின் வருடத்தில், அந்தப் பட்டாசைச் செய்கிற கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கூலி இல்லாத கிறிஸ்துமஸ். காற்று மாசும் உண்மை, கூலி இல்லாததும் உண்மை. தீர்ப்பின் சரி தவறைச் சொல்வது என் வேலை இல்லை. நம் வட்டாரத்தில் நவம்பர், டிசம்பர் மாதங்களை நம்பிக் கணக்குப் போடக் கூடாது என்பதை மட்டும் அது மறுபடியும் காட்டிற்று.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு

ஆகவே என் யோசனை இந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அல்ல, அடுத்த வருடத்துக்கு. நம் குடியிருப்பில் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், காவலர்கள், குப்பை எடுக்க வருகிறவர்கள் பலரும் இன்னும் தெருச் சீட்டில்தான் பணம் கட்டுகிறார்கள். இந்த இதழ் உங்கள் கைப்பேசிக்கு வரும்போது அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் பண்டிகை எது, எந்தத் தேதிக்குப் பணம் வேண்டும்? தீபாவளியோ, கிறிஸ்துமஸோ, ரம்ஜானோ, அந்தத் தேதிக்கு நான்கு வாரம் முன்பு முதிர்வு வரும்படி வங்கியில் ஒரு ஆர்.டி. தொடங்க உதவுங்கள். படிவம் நிரப்ப ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமை மாலைகளில் சங்க அலுவலகத்தில் நான் இருப்பேன். பேனாவும் நானே கொண்டு வருகிறேன்.

சட்டை கொடுத்த அந்தப் பக்கத்து வீட்டு அம்மா இப்போது இல்லை. அவர் மகனும் நானும் இன்றும் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் பலகாரத் தூக்கு மாற்றிக்கொள்கிறோம். அதுவும் ஒரு கணக்குத்தான், இன்னும் முடிக்கவில்லை.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் நல்வாழ்த்துகள்.