நொய்யற்கரை மணிகள்

காங்கேயம் வட்டாரத்துச் செம்மண் புன்செய்களில் மழை ஓய்ந்த மறுநாள் காலையில் நடந்து செல்வோரின் பார்வை நிலத்திலேயே படிந்திருக்கும். நீர் அரித்துப்போன மண்ணிடை வெள்ளையாய்க் கிடப்பனவற்றை ‘வெங்கச்சங்கல்’ என்று உழவர் சொல்வர். தகடு தகடாய்ப் பிரிந்து மின்னுவது ‘காக்காப்பொன்’. இவ்விரண்டையும் அவர்கள் காலால் ஒதுக்கிவிட்டுப் போவது வழக்கம். ஆனால், மணி தேடப் புதிதாய் வருபவனோ முதலில் கையில் எடுப்பது காக்காப்பொன்னையே. மின்னுவதெல்லாம் மணியென்று கொள்ளும் அந்த மயக்கம் தெளிய ஒரு பருவமாவது ஆகும். அதன் பின்னரே, வெங்கச்சங்கல்லும் காக்காப்பொன்னும் சேர்ந்து கிடக்கும் இடந்தான் பெரில் என்னும் பச்சைநீல மணி பிறக்கும் இடம் என்பதும், தான் உதறிவிட்டு வந்தவை வழிகாட்டிகள் என்பதும் அவனுக்குப் புலப்படும்.

நிலநூலார் இதற்குக் காரணம் கூறுவர். உருகிய பாறைக்குழம்பு ஆழத்திற் குளிர்கையில் இறுதியாய் எஞ்சும் நீர்மம் பாறைப் பிளவுகளிற் புகுந்து மெல்ல உறைகின்றது. படிகக்கல், அப்பிரகம், களிமக்கல் ஆகிய மூன்றும் பருத்த துண்டுகளாய் விளையும் அந்த நரம்புப் பாறையிலேயே, வேறெதனுள்ளும் அடங்காத பெரிலியமும் தங்கி அறுகோணத் தூண்களாய் வளர்கின்றது. மாணிக்கமும் நீலமும் பிறக்கும் முறை இதற்கு நேர்மாறு. அவை குருந்தக்கல்லின் இனம். அலுமினியம் மிகுந்தும் மணற்சத்துக் குறைந்தும் உள்ள பாறையிலேயே தோன்றும். மணற்சத்து மிகுந்தால் அலுமினியம் அதனோடு கூடி வேறு கனிமமாகிவிடும்; குருந்தம் விளையாது. ஆகவே வெங்கச்சங்கல் நிறைந்த நரம்பிலே நீலத்தைத் தேடுவது வீண் உழைப்பு. கொங்கு நாட்டின் பேறு யாதெனின், ஒன்றற்கொன்று பகையான இவ்விரு பாறைகளும் ஒரு நாள் நடைக்குள்ளேயே அமைந்திருப்பதாம். படியூர்ப் பக்கம் பெரில் தரும் நரம்பு. சிவன்மலைப் பக்கம் குருந்தம் தரும் பாறை. சர் தாமஸ் ஹாலந்து சிவன்மலைப் பாறைத் தொகுதியை ஆராய்ந்து எழுதிய நூல், இந்திய நிலவியல் ஆய்வுத்துறை வெளியீடாக 1901-இல் வந்தது. முருகன் கோயிலுக்காகப் பெரிதும் அறியப்பட்ட குன்றொன்று, அதன் வழியே உலக நிலநூலாரிடையேயும் பெயர் பெற்றது.

இந்நிலத்தின் மணிகளைச் சங்கப் பாடல் அறிந்திருந்தது என்பதற்குப் பதிற்றுப்பத்தே சான்று. செல்வக்கடுங்கோ வாழியாதனைக் கபிலர் பாடிய அறுபத்தேழாம் பாட்டிலும், பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில்கிழார் பாடிய எழுபத்துநான்காம் பாட்டிலும் ‘கொடுமணம்’ என்னும் ஊர் வருகின்றது. இரண்டிடத்தும் அது ‘பந்தர்’ என்னும் ஊரோடு இணைத்தே கூறப்படுகின்றது; பந்தர் முத்துக்கும் கொடுமணம் அருங்கலத்துக்கும் உரியன. இங்கு ஊன்றி நோக்கத்தக்க ஒன்றுண்டு. கொடுமணத்தில் இன்ன கல் கிடைத்தது என்று அரிசில்கிழார் கூறவில்லை. கலத்தின் வேலைப்பாட்டுச் சிறப்பையே அவர் அடையாக்கிச் சொல்கின்றார். புகழப்பட்டது தொழிலாளர் கையே அன்றி நிலத்தின் விளைவன்று. இவ்வடைமொழியை வெறும் அலங்காரம் என்று கொண்டு கடந்து சென்றோர் பலர்.

ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலே அந்தக் கொடுமணம் என்பது ஆய்வாளர் துணிபு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அங்கு நிகழ்த்திய அகழாய்வுகளும், புதுவைப் பல்கலைக்கழகம் 2012-இல் தொடங்கிய அகழாய்வும், அதன் பின்னர்த் தமிழக அரசுத் தொல்லியல் துறை மேற்கொண்ட பணியும் பாட்டின் அடைமொழிக்கு மண்ணிலிருந்தே பொருள் கூறின. பெரில், நீலம், படிகம், செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட் முதலியன அங்கே வெறும் மணிகளாக மட்டும் கிடைக்கவில்லை. உடைக்கப்படாத முரட்டுக்கல், தட்டி உருவாக்கிய கல், தேய்த்த கல், பாதி துளையிட்டு உடைந்த கல், சில்லு எனத் தொழிலின் எல்லா நிலைகளிலும் கிடைத்தன. ஈமக்குழி ஒன்றில் மட்டும் சூதுபவள மணிகள் 2,000-க்கும் மேற்பட்டு இருந்தன. தமிழ்ப் பிராமி எழுத்துக் கீறிய பானையோடுகள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. இரும்பு உருக்கிய உலைகளும் அவ்வூரிலேயே இருந்தன.

சூதுபவளம் கொங்கு மண்ணில் விளைவதன்று. அது கூர்ச்சரப் பகுதியிலிருந்து வந்திருத்தல் வேண்டும் என்பர். அங்குக் கிடைத்த இலாசவர்த்தக்கல்லின் தாயகமோ ஆப்கானிய நாட்டின் படக்சான் மலைகள். இங்குள்ளதை வெளியே அனுப்பிய ஊர் என்பதோடு, வெளியிலுள்ளதை இங்கே தருவித்து வேலைசெய்து அனுப்பிய ஊர் என்பதும் இதனால் விளங்கும். கருவூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே மேலைக்கடலின் முசிறியை அடையும் பெருவழி இவ்வூரை ஒட்டியே சென்றது.

கடினமான கல்லைத் துளைத்தது எதனால் என்ற வினா எழும். வைரத்துணுக்கு முனையில் பதித்த துளைக்கருவியைத் தென்னாட்டார் அக்காலத்தே கையாண்டனர் என்று ஆய்வாளர் கருதுவர். மெருகிடுதற்கோ குருந்தப்பொடி. அதனை அரக்கோடு குழைத்துச் சாணைச் சக்கரமாக்கும் வழக்கம் இந்திய மணிவேலைக்காரரிடையே அண்மைக்காலம் வரை நீடித்தது. படிகம், பெரில் ஆகிய இரண்டையும்விடக் குருந்தம் கடினமானது. 1812-இல் செருமானியரான பிரெடரிக் மோஸ் கற்களின் கடினத்தைப் பத்துப் படிகளாக வரிசைப்படுத்தியபோது படிகத்துக்கு ஏழும் குருந்தத்துக்கு ஒன்பதும் வைரத்துக்குப் பத்தும் அளித்தார். பெரில் ஏழரைக்கும் எட்டுக்கும் இடைப்பட்டது. இன்று மணி தேடத் தொடங்கும் எவரும் முதலிற் கற்பது இந்தப் படிவரிசையையே. ஐயத்துக்குரிய கல்லால் படிகத்தைக் கீறிப் பார். கீறினால் அது படிகமன்று. அறுகோணத் தூணின் பக்கங்களில் குறுக்குக் கோடுகள் ஓடி நுனி கூம்பியிருப்பின் படிகம். நெடுக்குக் கோடுகள் ஓடி நுனி தட்டையாயிருப்பின் பெரில். கையில் ஏந்தும்போதே அளவுக்கு மீறிக் கனப்பது குருந்தம். நீரைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு அதன் அடர்த்தி. கொடுமணலின் கைவினைஞருக்கு இந்த எண்கள் தெரியா. எனினும் எக்கல் எக்கல்லைத் தேய்க்கும் என்பதை அறியாமல் அவர்தம் தொழில் ஒரு நாளும் நடந்திராது.

இம்மணிகள் எங்குச் சென்றன என்பதை மேலைநாட்டார் எழுதிவைத்தனர். கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி, பெரில் இந்தியாவில் விளைவது என்றும் பிற இடங்களில் அரிது என்றும் கூறி, கடலின் தூய பசுமையை ஒத்ததே அவற்றுள் தலையாயது என்றார். இந்தியர் நீண்ட பெரில்களையே விரும்பி, அவற்றைத் துளைத்து யானை மயிரில் கோத்து அணிந்தனர் என்பதும் அவர் தரும் செய்தியே. படிகத்துக்குச் சாயமேற்றிப் பெரில் என விற்கும் கலையையும் இந்தியர் கண்டறிந்திருந்தனர் என அவர் குறைகூறவும் தவறவில்லை. போலி செய்யப்படுவதே ஒரு பொருளின் மதிப்புக்கு அளவுகோலாகும் போலும்! பெயர் அறியாத கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிய ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழி நூல், முசிறியில் ஏற்றுமதியாகும் சரக்குகளுள் ஒளி ஊடுருவும் பலவகைக் கற்களைக் குறிக்கின்றது. மறுதலையாக நொய்யற்கரைக்கு வந்தது உரோமக் காசு. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் கிடைத்த வெள்ளிக்காசுப் புதையலில் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்தம் முகங்கள் இருந்தன. கருவூரிலும் அவ்வாறே.

பொருளோடு பெயரும் கடல் கடந்தது. வடமொழியின் ‘வைடூரியம்’, பிராகிருதத்தின் ‘வேளுரிய’ ஆகியவற்றின் வழி வந்ததே கிரேக்கரின் ‘பெரில்லோஸ்’. செருமானியர் மூக்குக்கண்ணாடிக்கு வழங்கும் ‘பிரில்லெ’ என்னும் சொல்லும் அதன் பேரப்பிள்ளையே. ஆனால் இங்கே ஒரு விபத்து நேர்ந்தது. நகைக்கடையில் இன்று ‘வைடூரியம்’ என்று கேட்பவருக்குக் கிடைப்பது, நடுவே ஒளிக்கோடு ஓடும் பூனைக்கண் கல். அது வேறு கனிமம். பெயர் ஒரு கல்லை விட்டு மற்றொரு கல்லுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பழம்பாட்டில் வைடூரியம் என்று காணும்போது கடைவீதியின் பூனைக்கண்ணை நினைத்துக்கொண்டு உரை வரைவோர் இடறும் இடம் இதுவே. பாட்டிலே உவமையாய் அதனை எடுத்தாள்வோரும் எண்ணிப் பார்த்தல் தகும். கடற்பசுமை வேறு, பூனையின் தேன்கண் வேறு.

‘குருந்தம்’ என்னும் சொல்லின் பயணமோ இன்னும் நேரானது. சார்லஸ் கிரெவில் என்னும் ஆங்கிலேயர் 1798-இல் இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் ஆசியாவின் இக்கல்லைப் பற்றி விரிவாக எழுதினார். தமிழின் ‘குருந்தம்’ ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ ஆகி உலகத்துக் கனிம நூல்கள் அனைத்திலும் நிலைத்துவிட்டது. மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமத்தின் இரு நிறங்கள் என்பதும் ஏறத்தாழ அக்காலத்தே மேலைநாட்டில் உறுதிப்பட்டது. குரோமியம் சிறிதளவு கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம்.

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரையின் மணிவீதி விரிகின்றது. அங்கு ‘விந்தம்’, ‘நீலம்’ என்பன மாணிக்க வகைகளோடு வைத்து எண்ணப்படுகின்றன; விந்தமாவது குருவிந்தம் என்பது உரை. இதனைக் கொண்டு, மாணிக்கமும் நீலமும் ஓரினம் என்பதை இளங்கோ அன்றே அறிந்தார் என்று மேடைகளில் முழங்குவதுண்டு. அது மிகை. அங்கே கூறப்படும் நீலம் நீலச்சாயல் பாய்ந்த மாணிக்க வகையே என்று கொள்ளுதல் உரைக்கு இயையும். இளங்கோவுக்கு வேதியியலைக் கடன் கொடுக்கத் தேவையில்லை. காகபாதம் முதலான வைரக்குற்றங்களைப் பெயர்சொல்லி அறிந்த வணிகர் வாழ்ந்த வீதி அது என்பதே வியப்புக்குப் போதும். அத்தெருவைக் கண்டு மீண்ட கோவலன் பின்னர்த் தன் சிலம்பைக் காட்டியது மணி நோக்குவான் ஒருவனிடமன்று; பொற்கொல்லனிடம்.

இடைக்காலத்தில் இத்தொழில் அடங்கிக் கிடந்தது. 1819-20 ஆண்டுகளில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் படியூரில் சுரங்கம் வெட்டினார். ஈராண்டில் 2,000-க்கும் மேற்பட்ட பெரில் கற்கள். மதிப்பு ஏறத்தாழ 1,200 பவுன். கல்லொன்றுக்கு அரைப்பவுனுக்குச் சற்றே கூடுதல். அதன்பின் வேலை நின்றுபோயிற்று. சென்னை ஆட்சிப் பணியினரான வால்ஹவுஸ், ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் 1876-இல் இக்கற்களின் பழமையையும் புதுமையையும் பற்றி எழுதியபோது, கோவை வட்டாரத்தில் உரோமக் காசுகள் குவிந்து கிடைப்பதற்கும் இச்சுரங்கத்துக்கும் தொடர்பு இருத்தல் வேண்டும் எனச் சுட்டினார். அப்போது கொடுமணல் தோண்டப்பட்டிருக்கவில்லை. காசையும் கல்லையும் மட்டும் கொண்டு அவர் ஊகித்ததை, நூறாண்டு கடந்து பட்டறைகள் மெய்ப்பித்தன.

காங்கேயத்தைச் சூழ்ந்த ஊர்களில் மணிக்கல் தேடுவோரும் பட்டை தீட்டுவோரும் பின்னரும் தொடர்ந்தனர். 1902-இல் பிரெஞ்சுக்காரரான வெர்னுய் செயற்கை மாணிக்கம் உருக்கும் முறையை வெளியிட்டபின் மணித்தொழிலின் போக்கே மாறிற்று. திருச்சிராப்பள்ளி வட்டாரத்துக் குடிசைகளில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டும் கைத்தொழில் பரவி ஆயிரக்கணக்கானோர்க்குச் சோறிட்டது.

கொடுமணலுக்கு நேர்ந்த தீங்கு வேறு வகையானது. அங்கே மேற்பரப்பில் மணி கிடைக்கும் என்ற செய்தி பரவியதும், மழைக்குப் பின் வந்து பொறுக்கிச் செல்வோர் பெருகினர். காட்டு ஓடையிலே கிடக்கும் படிகத்தை ஒருவன் எடுப்பதும், பண்டை வாழிடத்து மணியை எடுப்பதும் ஒன்றாகா. முன்னது பாறையின் உதிர்வு. எங்கே கிடந்தது என்பதைக் குறித்துக்கொண்டால் கற்போனுக்கு அதுவே பாடம். பின்னது மனிதர் கைப்பட்டது. எந்த அடுக்கில், எந்த ஓட்டோடு, எந்த உலைக்கு அருகே கிடந்தது என்பதிலேயே அதன் பொருள் இருக்கின்றது. அதனைப் பெயர்த்தெடுத்த நொடியிலே அது வாய்மூடிவிடும். பழம்பொருள்களை வணிகம் செய்வதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. எனினும் சட்டைப்பையில் போய்விடும் ஒரு மணியைச் சட்டம் எவ்வாறு எண்ணும்?

ஆயினும் பொறுக்க வந்தோர் எடுத்துச் சென்றவை பெரும்பாலும் முழுமணிகள். மெருகேறியவை, நிறம் மிக்கவை. துளையிடும்போது இரண்டாய்ப் பிளந்ததையும், ஒரு பக்கம் மட்டும் தேய்த்துவிட்டு எறிந்த கல்லையும், சில்லுகளையும் எவரும் விரும்பவில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அவ்வூர்க் கைவினைஞர் கூட்டித் தள்ளிய அக்குப்பையே ஆய்வாளர் கைக்கு எஞ்சிற்று. அரிசில்கிழாரின் அடைமொழிக்குச் சான்றாய் நின்றது அதுவே.