சோழவரத்து வளைவுகள்

சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்துக்கு அப்பாலுள்ள சோழவரத்தில், இரண்டாம் உலக மகாயுத்த காலத்து விமானத்தளமொன்று, 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் முயற்சியால் பந்தயக் களமாகப் பரிணமித்த சரித்திரம், இன்று திரையிலே கார் ஓட்டிக் களிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கது.

அத்தகைய களத்தின் வளைவுகளில் வண்டியின் குணம் வெளிப்படுவதற்கு, அந்நாளில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நல்ல உதாரணம்: அது, பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அச்சுடையதாகையால், வளைவில் வேகமாகப் புகுந்து சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், வெளிப்புறச் சக்கரம் வண்டிக்கடியில் மடங்க, வாலை வீசிச் சுழன்றுவிடும். 1972-இல் வந்த அதன் வாரிசான கெஸல், பின்புறம் ஒரே திட அச்சைப் பெற்று அந்தத் துஷ்டத்தனத்தைக் கைவிட்டது. நம்மூர் மெக்கானிக்குகள் நிம்மதியடைந்தது உபரி லாபம்! குடும்பஸ்தருக்குக் கெஸலே உத்தமம்; சாரத்தியம் பயில விரும்புவோருக்கு ஹெரால்டே தக்க குரு என்பது என் அபிப்பிராயம்.