வருஷக்கணக்கா நின்ற அம்பாஸடர்... சக்கரம் சுத்தலையா? இழுக்காதீங்க!

2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர், உங்க வீட்டு ஷெட்டில் இன்னும் நிற்கிறதா? தள்ளிப் பார்த்தால் பின்சக்கரம் அசையாது. 'கயிறு கட்டி இழுத்துடலாம்' என்பார்கள். வேண்டாம்! பிரேக் லைனிங் பிய்ந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

ஏன் இப்படி?

பிரேக் டிரம் வார்ப்பிரும்பு. ஹேண்ட்பிரேக் போட்டபடியே வண்டி நின்றால், ஈரத்தில் துரு ஏறி, டிரம்மும் பிரேக் ஷூவும் ஒட்டிக்கொள்ளும்.

எப்படிக் கழற்றுவது?

* முன்சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுங்கள்.
* ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். டிரம்மைப் பிடித்திருக்கும் ஸ்குரூவையும் எடுங்கள்.
* பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். பலரும் மறப்பது இதைத்தான். தேய்ந்த டிரம்மின் விளிம்பு ஷூவில் மாட்டும். தளர்த்தாமல் இழுத்தால் வரவே வராது.
* டிரம்மின் நடுப்பகுதியிலும் போல்ட்டைச் சுற்றியும் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து, ஒரு ராத்திரி விடுங்கள்.
* மரக்கட்டை வைத்து, டிரம்மைச் சுற்றிச்சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். சம்மட்டியால் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுடும்.

கவனம்!

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியை ஊதாமல், மாஸ்க் போட்டு ஈரத்துணியால் துடைங்க. எண்ணெய் பட்ட ஷூவை மாற்றியே ஆகணும். வீல் சிலிண்டர் கசிகிறதா என்று மெக்கானிக் பார்த்து, பிரேக் ஆயிலையும் மாற்றிய பிறகே ரோட்டுக்கு எடுங்கள்.

அடுத்த முறை நீண்ட நாள் நிறுத்தும்போது, ஹேண்ட்பிரேக் வேண்டாம். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தாலே போதும்!