அம்மாவின் மாயா பஜார்

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நமது சங்கத்தார் கேட்டார்கள். சோழர், பாண்டியர் பற்றி எழுத நம் துறையில் பெரியவர்கள் பலர் உண்டு. நான் எடுத்துக்கொண்டது ஒரு சினிமாப் படம். என் அம்மா பன்னிரண்டு வயதில் டூரிங் டாக்கீஸில் பார்த்து, இன்றுவரை சொல்லிச் சொல்லி மகிழும் 'மாயா பஜார்'.

முதலில் ஏட்டில் உள்ள செய்தி. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் நடத்திய விஜயா நிறுவனத்துக்காக கே.வி. ரெட்டி இயக்கிய படம் இது. 1957 மார்ச்சில் தெலுங்கிலும் ஏப்ரலில் தமிழிலும் வெளியானது. இரண்டிலும் என்.டி. ராமராவ் கண்ணன், ரங்காராவ் கடோத்கஜன், சாவித்திரி கதாநாயகி. அபிமன்யு மட்டும் தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். பலராமன் மகள் வத்சலாவின் கல்யாணக் கதை வியாச பாரதத்தில் கிடையாது; நம் ஜனங்கள் வழிவழியாகச் சொல்லி வந்த கதை. பாரதப் படம்தான், ஆனால் பஞ்சபாண்டவரில் ஒருவர்கூடத் திரையில் தலைகாட்ட மாட்டார்! கடோத்கஜன் வாய்க்கு லட்டுகள் தாமாகப் பறந்து வரும் காட்சி கம்ப்யூட்டர் இல்லாத காலத்து வேலை. காமிரா மார்கஸ் பார்ட்லி.

இனி அம்மா சொல்வது: "வத்சலாவுக்குப் பச்சைப் பட்டுடா, அரக்குக் கரை. இன்னும் கண்ணுல நிக்குது."

படமோ கறுப்பு வெள்ளை. தெலுங்குப் படத்துக்கு வண்ணம் ஏற்றி 2010-இல் வெளியிட்டார்கள். அதைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது அந்தக் கலர் இல்லை" என்று எழுந்து போய்விட்டார்.

அப்படியானால் அம்மாவின் சாட்சியத்தைத் தள்ளிவிடலாமா? வரலாறு படித்தவன் அவசரப்படக் கூடாது. இன்னொரு நாள் அவர் சொன்னார்: "ரெண்டணா டிக்கெட்டுக்குப் பதிமூணு நயா பைசா கேட்டான். தாத்தா, பன்னெண்டுதான் தருவேன்னு ஒரே சண்டை." நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரல் 1. பழைய இரண்டணா கணக்குப்படி பன்னிரண்டரை நயா பைசா. அந்த அரைப் பைசா யாருக்கு என்று ஊர் ஊராகத் தகராறு நடந்த காலம் அது. பட்டுச் சேலையின் நிறம் அம்மாவே நெய்ததாக இருக்கலாம். சில்லறைச் சண்டை அச்சு அசலாக அந்தக் காலத்துக்கே உரியது.

மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தது, ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற ரீல் மாற்ற விளக்குப் போட்டது, இடைவேளையில் முறுக்குக்காரர் குரல், பெண்கள் பக்கத்துத் தட்டி எல்லாம் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்தவை. கம்பெனிக் கணக்கில் இவை இருக்காது.

"இத்தனை படம் வந்தும் ஏம்மா அதையே சொல்றே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மறு வருஷம் நான் வயசுக்கு வந்துட்டேன். அதுக்கப்புறம் கொட்டாய்க்கு விடலை. கல்யாணம் ஆகி உங்க அப்பாதான் அடுத்த படத்துக்குக் கூட்டிட்டுப் போனார். தூரத்துல ரிக்கார்டு போடுறது மட்டும் வீட்டுக்குக் கேக்கும்."

எத்தனை லட்சம் செலவு, எத்தனை நாள் ஓட்டம் என்று எழுதியிருக்கிறார்கள். எத்தனை பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதோடு சினிமா நின்றது என்று யாரும் எழுதி நான் படிக்கவில்லை.

இப்போது நம் கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பிடித்த படம் எது என்று கேளுங்கள். எந்தக் கொட்டகை, யார் கூட்டிப் போனது, எங்கே உட்கார்ந்தார்கள், பிறகு ஏன் போகவில்லை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தேதி போட்டு நோட்டில் எழுதிவையுங்கள். கலர் தப்பாக இருந்தால் திருத்த வேண்டாம், சொன்னபடியே எழுதுங்கள்.