அணு உலையும் ஆழிப் பேரலையும்

அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிட்டால் தீ அவியும். அணு உலையோ அத்தகையதன்று. பிளவை நிறுத்திய பின்னரும், பிளவில் பிறந்த பொருள்கள் தொடர்ந்து சிதைவதால், முழு வெப்பத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு அக்கணத்தில் எஞ்சி நிற்கும். அது தணியும்வரை உலையுள் நீர் பாய்ந்துகொண்டே இருத்தல் வேண்டும். நீரைச் செலுத்த மின்சாரம் வேண்டும். இவை கிடைப்பதும் அறுவதும் எத்துணை வேறுபாட்டை விளைவிக்கும் என்பதை இரு கடற்கரைகளின் வரலாறு காட்டும்.

முதலாவது, தமிழகத்துக் கல்பாக்கம். அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984-இல் வணிக முறையில் மின் வழங்கத் தொடங்கியது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப் பேரலையால் கடல்நீர் நீரேற்றுக் கூடத்துள் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலை உடனே நிறுத்தப்பட்டது. ஊழியர் குடியிருப்பில் பலர் மாண்டனர். எனினும் அவசர மின்னாக்கிகள் வெள்ளம் எட்டாத உயரத்தில் இருந்தன. உலை தீங்கின்றி ஆறியது.

மற்றொன்று, ஜப்பானின் ஃபுகுஷிமா. 2011 மார்ச் 11-இல் நிலம் நடுங்கியதும் உலைகள் தாமே நின்றன. வெளியிலிருந்து வந்த மின்சாரமும் அறுந்தது. பின்னர்ப் புகுந்த வெள்ளம் தாழ்தளத்து மின்னாக்கிகளை மூழ்கடித்தது. மூன்று உலைகளில் எரிபொருள் உருகிற்று. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஊரைவிட்டு அகன்றனர். 15 மீட்டருக்கு மேல் அலை எழக்கூடும் என்று 2008-இலேயே நிலையத்தாரின் கணக்கு காட்டியிருந்தது. கல்பாக்கத்தின் படிப்பினையும் கண்முன் இருந்தது. ஆகவே அக்கேடு அறியாமையால் விளைந்ததன்று. அறிந்ததைத் தள்ளிவைத்தமையால் விளைந்ததாகும்.

மலேசியாவில் 2018-இல் கைவிடப்பட்ட அணுமின் எண்ணம் 2025-இல் மீண்டும் ஆராயப்படலாயிற்று. தள்ளிவைத்த கவனம் என்ன செய்யும் என்பது மாசாய் மக்களுக்குப் புதிதன்று. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட வேதிக் கழிவின் நச்சாவியால் பாசிர் கூடாங் வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அக்கழிவை அள்ள முடிந்தது. பள்ளிகளும் மீண்டும் திறந்தன. அணு உலையிலிருந்து மண்ணில் படியும் சீசியம் 137 பாதியாகக் குறைவதற்கே 30 ஆண்டுகள் ஆகும். இன்று பள்ளி செல்லும் பிள்ளை அதற்குள் நடுவயதை எட்டிவிடும். ஆதலின், உலை எவ்வளவு மின்சாரம் தரும் என்று கேட்குமுன், மின்சாரம் முற்றும் அற்ற நாளில் அவ்வுலையை ஆற்றுவது எங்ஙனம் என்று கேட்பதே அறிவுடைமை.