காய்ச்சல் வந்தா வேலையை விசாரிக்கும் டாக்டர்: படிப்பு 11½ ஆண்டு

பெருமுக்கல்:
திண்டிவனம்-மரக்காணம் சாலையில் உள்ள பெருமுக்கல்லில், மலையடி புதரில் ஆடு மேய்ப்பவரானாலும் உப்பளத்துக்கு போகிறவரானாலும், காய்ச்சல் வந்தால் முதலில் மருந்துக்கடைதான். தொற்றுநோய் சிறப்பு டாக்டரோ மாத்திரை எழுதும் முன் கேள்வி கேட்பார். என்ன வேலை? எந்த தண்ணியில நின்னீங்க? புதர் பக்கம் போனீங்களா?

அப்புறம் அக்குள், தொடை இடுக்கு, அரைஞாண் கயிறு கட்டும் இடம் என்று தேடுவார். சிகரெட்டால் சுட்டது போல கருப்பு பொருக்கு இருந்தால் பெரும்பாலும் உண்ணிக்காய்ச்சல்தான். பூச்சி கடித்தது வலிக்காது, அதனால் நோயாளி சொல்லவே மாட்டார். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையே குணமாக்கிவிடும். டைபாய்டு என்று நாள் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம் கெட்டு உயிரே போகலாம். பொருக்கு இருந்தால் எந்த டாக்டரிடமும் நீங்களே காட்டலாம், வெட்கம் வேண்டாம்.

இதற்கு எம்.பி.பி.எஸ். 5½ ஆண்டு (பயிற்சி சேர்த்து), எம்.டி. பொது மருத்துவம் 3 ஆண்டு, டி.எம். தொற்றுநோய் 3 ஆண்டு படிக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் இந்த டி.எம். உள்ளது. 1986-ல் டாக்டர்கள் சுனிதி சாலமன், நிர்மலா சென்னையில் சேகரித்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது, இந்தியாவிலேயே முதன்முறையாக தெரியவந்ததும் அதே வேலூர் ஆஸ்பத்திரியில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.